உங்களுக்குத் தெரியுமா? 2,14,74,83,647

இந்த முறை ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான். இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. கமா இல்லாமல் எழுதினால் 2147483647. பார்ப்பதற்கு எந்த விசேஷமும் தெரியாத பத்து இலக்கம். ஆனால் கணிதத்தில் இதற்கு இருநூற்றைம்பது ஆண்டுப் புகழ் உண்டு. உங்கள் கைப்பேசிக்குள்ளும் இதற்கு வேலை இருக்கிறது.

● 2ஐ 31 முறை எழுதி எல்லாவற்றையும் பெருக்குங்கள். வருவதில் ஒன்றைக் கழியுங்கள். அவ்வளவுதான், இந்த எண் வந்துவிடும். சுருக்கமாக 2³¹ − 1. கணினி பயன்படுத்தும் இரும முறையில் எழுதினால்தான் இதன் அழகு தெரியும்: 111 1111 1111 1111 1111 1111 1111 1111. முப்பத்தொரு ஒன்றுகள், நடுவில் பேருக்குக்கூட ஒரு பூஜ்யம் கிடையாது.

● சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் கதை எல்லோருக்கும் தெரியும். 31ஆம் கட்டம் வரை வைத்த அரிசிகளின் மொத்த எண்ணிக்கை சரியாக 2147483647. அப்போது பலகையில் பாதிகூட நிரம்பியிருக்காது.

● 'ஹனோய் கோபுரம்' விளையாடியிருக்கிறீர்களா? மூன்று கம்பங்கள், ஒன்றில் பெரிய வட்டு கீழும் சிறியது மேலுமாக அடுக்கியிருக்கும். பெரியதைச் சிறியதன் மேல் வைக்காமல், ஒவ்வொன்றாக எடுத்து, முழு அடுக்கையும் வேறு கம்பத்துக்கு மாற்ற வேண்டும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் எதுவார் லூக்கா 1883இல் வெளியிட்டது. 31 வட்டுகள் இருந்தால் குறைந்தது 2147483647 முறை நகர்த்தியாக வேண்டும். நொடிக்கு ஒன்று வீதம், தூங்காமல் நகர்த்தினாலும் 68 ஆண்டுகள் பிடிக்கும். இந்த 68 ஆண்டுக் கணக்கு கணினிக்குள் மறுபடி வரும்.

● இது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாது. 2இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைந்து கிடைக்கும் பகா எண்களை 'மெர்சென் பகா எண்கள்' என்பார்கள். 3, 7, 31, 127, 8191, 131071, 524287. அந்த வரிசையில் எட்டாவதாக வருவது நம்முடையது. ஏழாவதற்கும் எட்டாவதற்கும் நடுவில் எவ்வளவு பெரிய தாவல் என்று பாருங்கள்: ஐந்து லட்சத்திலிருந்து ஒரே எட்டில் 214 கோடி!

● அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதும், விடையும் பகா எண்ணாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 11 பகா எண்தான்; ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. இந்த இடத்தில் வழுக்கியவர்கள் சாமானியர்கள் அல்ல. இத்தாலியைச் சேர்ந்த பியெத்ரோ கடால்டி 17, 19 ஆகிய அடுக்குகளைச் சரியாகச் சோதித்துவிட்டு, 23, 29, 31, 37 ஆகியவையும் பகா எண் தரும் என்று சொன்னார். 23ஐயும் 37ஐயும் 1640இல் கணிதவியலாளர் ஃபெர்மா தகர்த்தார். 29ஐ 1738இல் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லர் தகர்த்தார். நான்கில் எஞ்சியது 31 மட்டுமே.

● மெர்சென் ஒரு பிரெஞ்சுத் துறவி. 1644இல், 257 வரை எந்தெந்த அடுக்குகள் பகா எண் தரும் என்று பட்டியல் வெளியிட்டார். 31 அதில் இருந்தது, சரி. 67, 257 இரண்டும் இருந்தன, தவறு. 61, 89, 107 விடுபட்டிருந்தன. 67இன் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன். 1903இல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் கோல் என்பவர் 2⁶⁷ − 1 என்பது 193707721 × 761838257287 என்று காட்டினார். பேச்சே இல்லாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்று சொல்வார்கள்.

● 31ஐத் தீர்த்து வைத்தவர் லெயோனார்ட் ஆய்லர். 1752இல் கணிதவியலாளர் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் அவருக்கே சந்தேகம் இருந்தது. இருபது ஆண்டு கழித்து, பெர்னூலிக்கு அவர் எழுதி 1772இல் அச்சான கடிதத்தில் சந்தேகம் தீர்ந்துவிட்டது: 2147483647 பகா எண். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். பார்வை ஏறக்குறைய முழுவதுமாகப் போயிருந்தது.

அவர் போன வழியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஓர் எண் பகா எண்தானா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரையிலான பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இங்கே வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதுவரை 4,792 பகா எண்கள் இருக்கின்றன. பத்து இலக்க எண்ணை 4,792 முறை கையால் வகுப்பது யாருக்கும் ஆகிற காரியமில்லை. ஆய்லர் இரண்டு சல்லடைகள் வைத்தார். முதலாவது: 2³¹ − 1ஐ வகுக்கக்கூடிய எந்தப் பகா எண்ணும் 62இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்க முடியும். இரண்டாவது: அதை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். இரண்டையும் சேர்த்தால், 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். அப்படி மிஞ்சுபவை 370 சொச்சம் மட்டுமே.

வரிசையைப் பாருங்கள்: 63, 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303, 1489... இவற்றிலும் பெரும்பாலானவை தாமே பகு எண்கள், கழித்துவிடலாம். 249 என்பது 3 × 83. 497 என்பது 7 × 71. 1241 என்பது 17 × 73. 1489 வரை உண்மையில் வகுக்க வேண்டியவை மூன்றே மூன்று. 311ஆல் வகுத்தால் மீதி 35. 1303ஆல் வகுத்தால் 226. 1489ஆல் வகுத்தால் 199. பேனாவும் தாளும் எடுத்து இந்த மூன்றையாவது போட்டுப் பாருங்கள். கணினியே இல்லாத காலத்தில் ஒரு மனிதர் 214 கோடியை எப்படி மடக்கினார் என்பது கைக்குப் புரியும். முரட்டுத்தனமாக மோதாமல், மோத வேண்டிய இடத்தைக் குறைத்துக்கொள்வதுதான் கணிதம் என்று நான் நினைக்கிறேன்.

● ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்தால் கூடவே ஒரு நிறைவெண்ணும் கிடைக்கும். தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண் நிறைவெண்: 6 = 1 + 2 + 3; 28 = 1 + 2 + 4 + 7 + 14. மெர்சென் பகா எண் ஒவ்வொன்றும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்பது யூக்ளிட் காலத்திலேயே தெரியும். இரட்டைப்படை நிறைவெண்கள் எல்லாமே அந்த வகைதான் என்று காட்டியவரும் ஆய்லரே. நம்முடைய எண்ணை 2³⁰ஆல் பெருக்கினால் எட்டாவது நிறைவெண்: 2305843008139952128. பத்தொன்பது இலக்கம்.

இந்தப் பத்தொன்பது இலக்கத்தை இன்னும் இரண்டு வழிகளில் எட்டலாம். ஒன்று, 1 + 2 + 3 என்று தொடங்கி 2147483647 வரை வரிசையாகக் கூட்டுங்கள், இதே விடை. இரண்டு, 1, 3, 5 என்று 65535 வரையுள்ள ஒற்றைப்படை எண்களின் கனங்களைக் கூட்டுங்கள். மறுபடி இதே விடை. இன்னொன்றும் உண்டு. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 73. அதைக் கூட்டினால் 10. அதையும் கூட்டினால் 1. ஆறைத் தவிர மற்ற எல்லா இரட்டைப்படை நிறைவெண்களும் இப்படி 1இல்தான் வந்து நிற்கும்.

● பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1811இல் எண் கோட்பாடு பற்றி ஒரு புத்தகம் போட்டார். மேலே சொன்ன நிறைவெண்தான் மனிதர் கண்டுபிடிக்கப்போகும் கடைசி நிறைவெண் என்று அதில் எழுதினார். அவர் சொன்ன காரணம்: இவை வேடிக்கைக்குரியவையே ஒழிய உபயோகமில்லாதவை, ஆகவே இதற்கு மேல் யாரும் தேட மாட்டார்கள். நல்ல அறிஞர்; ஆனால் மனிதர்களைப் பற்றி அவர் போட்ட கணக்கு தப்பு. 1876இல் லூக்கா 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார், 39 இலக்கம். கையால் கணக்கிட்டுக் கண்டதில் இன்றுவரை பெரிய மெர்சென் பகா எண் அதுவே. 1883இல் ரஷ்யாவில் இவான் பெர்வுஷின் என்ற பாதிரியார் 2⁶¹ − 1ஐப் பிடித்தார். மெர்சென் தவறவிட்ட அதே 61.

● ஆய்லருக்கு 370 சொச்சம் எண்கள் மிஞ்சின. இப்போது அதே வேலைக்கு 29 படிகள் போதும். லூக்கா தொடங்கி, அமெரிக்காவின் டெரிக் ஹென்றி லேமர் 1930இல் செப்பனிட்ட சோதனை இது. 4இல் ஆரம்பியுங்கள். வர்க்கப்படுத்தி 2ஐக் கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மறுபடி வர்க்கப்படுத்துங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான படிகள் முடிந்ததும் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 2⁵ − 1 = 31க்குப் போட்டுப் பார்ப்போம். 4இன் வர்க்கம் 16, இரண்டு போக 14. 14இன் வர்க்கம் 196, இரண்டு போக 194, 31ஆல் வகுத்தால் மீதி 8. 8இன் வர்க்கம் 64, இரண்டு போக 62, மீதி 0. மூன்றே படி. நம்முடைய எண்ணுக்கு இருபத்தொன்பதாவது படியில் பூஜ்யம் வரும்.

● 2147483647ஐ இரண்டு வர்க்க எண்களின் கூட்டலாக எழுத முடியாது. மூன்று வர்க்கங்களாலும் முடியாது. 8ஆல் வகுத்தால் 7 மீதி வரும் எந்த எண்ணுக்கும் அது சாத்தியமில்லை. நான்கு வேண்டும். நான்கு இருந்தால் எந்த எண்ணுக்கும் போதும் என்று 1770இல் நிரூபித்தவர் லெக்ராஞ்சி.

● 31 என்ற அடுக்கே 2⁵ − 1தானே? ஆக இது மெர்சென் பகா எண்ணை அடுக்காகக் கொண்ட மெர்சென் பகா எண். இப்படி 'இரட்டை' வகையில் தெரிந்தவை உலகில் நான்குதான்: 7, 127, 2147483647, 2¹²⁷ − 1. சரி, நம்முடைய எண்ணையே அடுக்காக வைத்தால்? 2ஐ 2147483647 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் 64 கோடி இலக்கங்களுக்கு மேல் போகும். எழுதிப் பார்ப்பதே பெரும்பாடு. ஆனாலும் அது பகா எண் இல்லை என்று தெரிந்துவிட்டது: 295257526626031 அதை வகுத்துவிடும். இந்த வகுத்தி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்: 2147483647ஐ 137490ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் அதுதான். ஆய்லரின் பழைய சல்லடை, இருநூறு ஆண்டு கழித்தும் அதே வேலையைச் செய்கிறது. 61 அடுக்கில் வரும் பகா எண்ணை இப்படி அடுக்காக வைத்தால் கிடைப்பது பகா எண்தானா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

● இதற்கு முந்தைய பகா எண் 2147483629. அடுத்தது 2147483659.

● ஒன்று குறைத்து 2147483646 என்று எழுதிப் பாருங்கள். அதன் காரணிகள் 2, 3, 3, 7, 11, 31, 151, 331. எல்லாம் குட்டிக் குட்டி எண்கள். இதில் ஒரு பயன் இருக்கிறது. கணினி விளையாட்டுகளிலும் ஆய்வுகளிலும் குலுக்கல் போல எண்கள் தேவைப்படும். முன்னே சொன்ன அதே லேமரின் முறையில், 1969 முதல் ஒரு செய்முறை புழக்கத்தில் இருக்கிறது: 1இல் தொடங்கு, 16807ஆல் பெருக்கு, 2147483647ஆல் வகுத்து மீதியை எடு, அதை மறுபடி பெருக்கு. 16807, 282475249, 1622650073 என்று முன்பின் தொடர்பில்லாதது போல எண்கள் வந்துகொண்டே இருக்கும். 2147483646 எண்களையும் ஒன்று விடாமல், ஒரே ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் மறுபடி 1க்கு வரும். வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்து, 16807உம் அதற்கு ஏற்றதாக இருப்பதால்தான் இது நடக்கிறது; ஏற்றதுதானா என்று சோதிக்க அந்தக் குட்டிக் காரணிகள் உதவும். நிரல் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும் ஒரு வழி உண்டு: பத்தாயிரம் முறை பெருக்கிய பிறகு 1043618065 வர வேண்டும். உபயோகமில்லை என்றாரே பார்லோ!

● கணினியில் முழு எண்களை வைக்க வெகுகாலமாக 32 பிட் இடம் ஒதுக்குகிறார்கள். ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டும் ஒன்றாக நிரம்பினால்? நம்முடைய எண். அதாவது அந்த இடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் இது. இந்த வரம்புகளில் ஒரு விந்தை. 8 பிட்டில் வரம்பு 127, பகா எண். 16 பிட்டில் 32767, அது 7 × 31 × 151. 32 பிட்டில் பகா எண். 64 பிட்டில் 9223372036854775807, அது ஏழால் வகுபடும். 128 பிட்டில் 2¹²⁷ − 1, மறுபடி பகா எண். இது தற்செயல்தான், கணினியை வடிவமைத்தவர்கள் பகா எண் தேடிப் போகவில்லை. ஆனாலும் இப்படி ஒன்றுவிட்டு ஒன்று அமைந்ததைப் பார்க்கும்போது மனம் துள்ளத்தான் செய்கிறது.

● இந்தியாவில் மொபைல் எண்கள் பத்து இலக்கம். 6, 7, 8, 9 ஆகியவற்றில்தான் தொடங்கும். ஆக, நம் ஊரின் எந்த மொபைல் எண்ணும் 2147483647ஐவிடப் பெரியது. புதிதாக நிரல் எழுதுபவர் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் மொபைல் எண்ணுக்கு 'இன்ட்' என்று இடம் ஒதுக்கிவிட்டால், பழைய பதிப்புகள் பிழை என்று தடுக்காது. எண் வரம்புக்கு மேல் போவதால் வரம்பையே பதிந்துகொள்ளும். மறுநாள் பட்டியலைத் திறந்தால் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நம்பர்: 2147483647. அமெரிக்காவில் பார்ப்பவர்களுக்கு அது டல்லாஸ் நகரத்து நம்பர் போலத் தெரியும். 214 அந்த ஊரின் தொலைபேசிக் குறியீடு. மொபைல் எண்ணை யாரும் கூட்டிக் கழிக்கப்போவதில்லை. மாணவர்களே, அதை எழுத்துச் சரமாகவே சேமியுங்கள்.

● தென்கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' பாட்டை யூடியூபில் பார்த்த தடவைகளின் கணக்கு 2014 டிசம்பரில் இந்த எண்ணைத் தாண்டியது. ஒரு காணொளியை இத்தனை முறை பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்கவே இல்லை என்ற யூடியூப், கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியது.

● 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. தொடர்ந்து 248 நாள் மின்சாரத்தை அணைக்காமல் விட்டால், மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் கருவிகளின் உள்ளே இருக்கும் எண்ணி நிரம்பி வழிந்து மின்சாரம் நின்றுபோகக்கூடும். அதற்குள் அணைத்துப் போட வேண்டும் என்றது அந்த உத்தரவு. நொடிக்கு நூறு வீதம் எண்ணினால் 2147483647ஐ எட்ட 248 நாளும் அரை நாளும் ஆகும். கணக்கு அப்படியே பொருந்துவதால் காரணம் இந்த எண்தான் என்று பலரும் கருதினார்கள். ஆய்லரின் சல்லடையிலும் 248 வந்தது நினைவிருக்கலாம். இரண்டுக்கும் தொடர்பில்லை.

● 2038ஆம் ஆண்டு ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. பல கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளை எண்ணித்தான் நேரம் காட்டுகின்றன. அந்த எண்ணிக்கை 2147483647ஐத் தொடும் கணம் இது. அதே 68 ஆண்டுக் கணக்கு! 32 பிட்டில் நேரத்தை வைத்திருக்கும் கருவிகள் அடுத்த நொடியில் 1901 டிசம்பருக்குப் போய்விடும். புதிய கணினிகளும் கைப்பேசிகளும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. ஆனால் தொழிற்சாலைகளிலும் பழைய இயந்திரங்களிலும் பொருத்திவிட்டு மறந்துபோன சின்னச் சின்னக் கருவிகள்தான் கவலைக்குரியவை. அவற்றைப் பராமரிப்பவர்கள் இப்போதே தேடத் தொடங்குவது நல்லது.

● பகா எண் வேட்டை இன்றும் ஓயவில்லை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1தான் இப்போதைக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண், 4,10,24,320 இலக்கங்கள். கண்டுபிடித்தவர் அமெரிக்கர் லூக் டுரான்ட். தெரிந்த மெர்சென் பகா எண்களில் 52ஆவது. 'கிம்ப்ஸ்' என்ற கூட்டு முயற்சியில் உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை ஈடுபடுத்தி இப்படித் தேடுகிறார்கள். அதற்கான மென்பொருள் இலவசம். உங்கள் வீட்டுக் கணினியும் சும்மா இருக்கும் நேரத்தில் இதில் சேரலாம், சேர்த்துவிடுங்கள்.